வரிகள்: இளம்பரிதி

மார்ச் 3, திங்கள்

தாமு அண்ணனைப் புதைத்துவிட்டு வந்தோம். நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தோல் கம்பெனியின் கழிவுத் தொட்டிக்குள் இறங்கியவர். பதினொரு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. விஷவாயு. கயிறு கிடையாது, முகமூடி கிடையாது, மேலே நின்று பார்க்க ஆள் கிடையாது. அடைப்பு மட்டும் நீங்கிவிட்டதாம். வாட்ச்மேன் சொன்னான்.

தாமோதரன் என் பெரியப்பா மகன். முப்பத்து மூன்று வயது. எங்களுக்கு எதிர்வீடு. மனைவி சத்தியவாணி. ஆறு வயதில் ஒரு பெண், தர்ஷிகா.

கம்பெனியிலிருந்து ஒருவரும் வரவில்லை. மலர்வளையம் ஒன்று ஆட்டோவில் வந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஆட்டோக்காரர் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். டிவிக்காரர்கள் வந்து எங்கள் சாக்கடையைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு ஒப்பாரி வைத்தார்கள். வாணி அண்ணி வாயைத் திறந்ததும் மற்றவர்கள் தானாக அடங்கிவிட்டார்கள். அப்படி ஒரு குரல் அவருக்கு இருப்பது யாருக்கும் தெரியாது. நான் சுவரோரம் நின்றிருந்தேன். போன் சட்டைப்பையில் இருந்தது.

மார்ச் 5, புதன்

சங்கத்துத் தோழர் ஏசுபாதம் வந்தார். கம்பெனி இப்போதே பேச்சை மாற்றுகிறதாம். "ஞாயித்துக்கெழம லீவு. நாங்க யாரையும் கூப்பிடல. அவனா உள்ள வந்திருக்கான்." கம்பெனி மேஸ்திரி கூப்பிட்டது வாட்ஸ்அப் காலில், சாதாரணக் கால் பட்டியலில் அது வராது. தாமு அண்ணனின் போன் அவரோடு தொட்டிக்குள் போய்விட்டது. மேஸ்திரி தன் போனை மாற்றிவிட்டான்.

"லேபர் ஆபீஸ்ல கேஸ் போடுவோம்" என்றார் தோழர். அண்ணி தலையை மட்டும் ஆட்டினார்.

நாளை முதல் நான் வேலைக்குப் போக வேண்டும். ஷூ கம்பெனியில் தோல் ஒட்டும் சொல்யூஷன் தடவும் பிரிவு. மூன்று நாள் லீவுக்கே சூப்பர்வைசர் ஆயிரம் கேள்வி கேட்பான்.

மார்ச் 9, ஞாயிறு

இம்தியாஸ் கடைக்குப் போனேன். செல்போன் ரிப்பேர் கடை, ஞாயிறு மதியம் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். பழைய லேப்டாப் ஒன்றில் அவன்தான் என் பாட்டுகளை மிக்ஸ் பண்ணுவான். இதுவரை நான்கு பாட்டு போட்டிருக்கிறோம். நான்கையும் சேர்த்துக் கேட்டவர்கள் எங்கள் தெரு ஜனத்தொகையைவிடக் குறைவு.

எங்கள் தெருவில் பாடாத ஆளில்லை. பதிவான குரல் ஒன்றுகூட இல்லை. அப்பா இளைஞராக இருந்தபோது பாட்டு எழுதி எடுத்துக்கொண்டு மெட்ராஸில் ஒரு கேசட் கம்பெனி வாசலில் இரண்டு நாள் நின்றாராம். உள்ளே இருந்து வந்தவன் "எந்த ஊரு, எந்தத் தெரு" என்று கேட்டுவிட்டு, "பார்க்கலாம்" என்றானாம். அந்தத் "தெரு" எதற்கென்று அப்பாவுக்குத் தெரியும். திரும்பி வந்துவிட்டார். இப்போது எவன் வாசலிலும் நிற்க வேண்டாம். போன் இருந்தால் ஸ்டுடியோ. பீரோவைத் திறந்து அம்மாவின் புடவைகளுக்கு நடுவே முகத்தை வைத்துப் பாடினால் எதிரொலி வராது. இணையத்தில் ஒரு தளத்தில் ஏற்றினால் உலகத்திலிருக்கும் எல்லாப் பாட்டு ஆப்பிலும் வந்துவிடும். எந்தத் தெரு என்று அது கேட்பதில்லை.

தாமு அண்ணனுக்காக எழுதிய ராப்பை இம்தியாஸிடம் பாடிக் காட்டினேன். நாற்பது வரி.

"கோவம் இருக்கு. நெஞ்சுல ஏறல மச்சி" என்றான்.

போனிலிருந்த இன்னொன்றைப் போட்டுக் காட்டினேன். அவன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டான்.

"யாருடா இது?"

"அண்ணி."

"சாவு வூட்லயா எடுத்த?"

"ம்."

போனை என் பக்கம் தள்ளினான். பிறகு, "கேட்டியா அவங்ககிட்ட?" என்றான்.

அவர்களுக்காகத்தான் செய்கிறோம் என்றேன்.

மொத்தம் ஏழு நிமிடம். முன்பகுதியில் பைக் ஹாரன், நாய், ஆம்புலன்ஸ்காரனின் சத்தம். பீட்டுக்குள் அடங்கவும் இல்லை. கடைசியில் ஒரு இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது.

*நான்தானே அனுப்பிவெச்சேன்*
*நாலு பேரு தூக்கிவர*
*நான்தானே அனுப்பிவெச்சேன்*

மூன்று தடவை சுற்ற விட்டோம். இம்தியாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

மார்ச் 13, வியாழன்

சிலிண்டர் வந்தது. அண்ணி வீட்டுக்கும் நானே தூக்கிக்கொண்டு போய்ப் பொருத்தினேன். "சாப்டியா பரிதி?" என்று கேட்டார். புருஷன் செத்துப் பதினோரு நாள், என்னைக் கேட்கிறார்.

வீடியோ எடுக்கப் போனில் இடமில்லை. பழைய பைல்களையெல்லாம் அழித்தேன். வேண்டிய துண்டுதான் இம்தியாஸ் லேப்டாப்பில் இருக்கிறதே.

மார்ச் 16, ஞாயிறு

ஏற்றியாகிவிட்டது.

முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கிறது. எங்களுக்கு ஏது கடைசிப் பெயர். அப்பா பெயரைப் போட்டேன். பாடியவர்: இளம்பரிதி. இசை: இம்தியாஸ். வரிகள் என்ற கட்டத்தில் கொஞ்சம் நின்றேன். நான் எழுதியது நாற்பது வரி. அது மூன்றே வரி. அதுவும் இரண்டு ஒரே வரி. இளம்பரிதி என்று போட்டேன்.

கீழே ஒரு டிக். 'இப்பதிவிலுள்ள எல்லாக் குரல்களுக்கும் உரிய அனுமதி பெற்றுள்ளேன்.' போடாவிட்டால் அடுத்த பக்கம் வராது.

மார்ச் 17, திங்கள்

கருமாதி. அண்ணியின் கையிலிருந்த வளையல்களை உடைத்தார்கள். இந்தக் காலத்திலும் உடைக்கிறார்கள். நான் சத்தம் போட்டேன். அம்மா என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

அதன் பிறகு அண்ணி ஒரு சொட்டு அழவில்லை. கருமாதியோடு ஒப்பாரி முடிந்தது. அப்புறம் அந்த வீட்டில் வைக்கக்கூடாது. சாவில்லாத வீட்டில் வைக்கவே கூடாது, இன்னொரு சாவைக் கூப்பிடும் என்று அம்மா நம்புகிறாள். தெருவே நம்புகிறது.

மார்ச் 28, வெள்ளி

வெளிவந்துவிட்டது. பெயர் 'தொட்டி'.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஏழு பேர். சாயங்காலம் நாற்பது.

ஏப்ரல் 7, திங்கள்

இரண்டு லட்சம்.

யாரோ ஒருவன் அந்த மூன்று வரியை வெட்டித் தன் வீடியோவுக்குப் பின்னால் போட்டிருக்கிறான். அதைப் பார்த்து ஆயிரம் பேர். காதல் தோல்விக்குப் போடுகிறார்கள். நாய் செத்ததற்குப் போடுகிறார்கள். ஒரு ஆப்பில் உடற்பயிற்சிப் பாடல்கள் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். ஒருவன் கேட்கிறான்: "அந்த லேடி வாய்ஸ் எந்த சேம்பிள் பேக் ப்ரோ?"

விலைக்குக் கிடைக்கும் குரல் துண்டு என்று நினைத்துவிட்டான், நினைக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். முதல் தடவை.

ஏப்ரல் 14, திங்கள்

அம்பேத்கர் ஜெயந்தி. நீலக் கொடி, நீலத் தோரணம், லாரியில் ஸ்பீக்கர் அடுக்கி ஊர்வலம். எங்கள் தெருவுக்குள் திரும்பியதும் பையன்கள் என்னைத் தூக்கி லாரி மேல் ஏற்றிவிட்டார்கள். 'தொட்டி' ஓடியது. கீழே நூறு பேர் ஆடுகிறார்கள். என் நாற்பது வரியை யாரும் பாடவில்லை. அந்த மூன்று வரி வந்ததும் எல்லாரும் கைதூக்கிப் பாடினார்கள்.

தர்ஷிகா யாருடைய தோளிலோ உட்கார்ந்திருந்தாள். "எங்கம்மா பாட்டு, எங்கம்மா பாட்டு" என்று கத்தி அவளும் ஆடினாள்.

அண்ணி குடத்தோடு வாசலுக்கு வந்தார். பெண்கள் ஒவ்வொருவராக ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். பையன்கள் பார்க்கவில்லை.

நான் மேலே இருந்தேன். இறங்கியிருக்கலாம். பாட்டு மூன்று நிமிடம் நாற்பது விநாடி.

ஏப்ரல் 15, செவ்வாய்

அம்மா துடைப்பத்தால் அடித்தாள். இருபத்து மூன்று வயதில் அடி வாங்கினேன்.

"வூட்டுக்கு வூடு அவ ஒப்பாரிய வெச்சிக்கினு கீறானுங்க. யார் வூட்ல சாவு கேக்கற நீ?"

பிறகு அண்ணி வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்க நின்னுக்கினு எடுத்த?"

"சுவராண்ட."

"நான் உன்ன பாத்தேன். ஓரமா நின்னு அழுவறன்னு நெனச்சேன்."

"உங்களுக்காகத்தான் அண்ணி. ஊரே இப்ப தாமு அண்ணனப் பத்திப் பேசுது."

"எங்கிட்ட ஏன் கேக்கல?"

பதில் இருந்தது. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார்.

"எடுத்துடு பரிதி."

"ரெண்டு நாள்ல எடுத்துடறேன்."

ஏப்ரல் 19, சனி

ஒரு பட்டனை அழுத்தினால் போதும். ஆனால் கேஸ் வரப்போகிறது. பத்திரிகைக்காரர் ஒருவர் பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் தோழருக்குப் போன் செய்திருக்கிறார். இப்போது எடுத்தால் கம்பெனிக்குத்தான் லாபம். கொஞ்ச நாள் போகட்டும்.

மே 11, ஞாயிறு

இன்னும் எடுக்கவில்லை. பதினெட்டு லட்சம்.

ஜூன் 8, ஞாயிறு

சென்னையிலிருந்து ஒரு ஆள் பேசினார். அடுத்த பாட்டும் "அதே மாதிரி ரா வாய்ஸோட" வேண்டுமாம். ரா வாய்ஸ். அதற்கு இன்னொருவர் சாக வேண்டும் சார் என்று சொல்லியிருக்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அண்ணி என் வீட்டுப் பக்கம் வருவதில்லை. தெருக்குழாயில் நான் நின்றால் குடத்தை வைத்துவிட்டுப் போய்விடுகிறார். தோழர் சொல்லி ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்.

ஜூலை 12, சனி

கம்பெனியின் பதில் மனு வந்துவிட்டது. தோழர் என்னைச் சங்க ஆபீசுக்கு வரச் சொன்னார். மேஜை மேல் எட்டுப் பக்கம். ஐந்தாம் பக்கத்தில் விரலை வைத்தார்.

"வாயவிட்டுப் படி."

படித்தேன். 'இறந்த தாமோதரனைப் பணிக்கு யாரும் அழைக்கவில்லை. விடுமுறை நாளில், பழைய செம்புக் கம்பிகளைத் திருடும் நோக்கத்தோடு அத்துமீறி நுழைந்துள்ளார். அவரை அனுப்பியது தானே என்று மனுதாரரான அவர் மனைவி பாடலாகவே பாடிப் பொதுவெளியில் வெளியிட்டுள்ளார்.' கீழே அந்த மூன்று வரி. அச்சடித்து, அடிக்கோடு போட்டு.

"இன்னாப்பா இது?" என்றார் தோழர்.

அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். அந்த மூன்று வரிக்கு முன்னால் அண்ணி பாடியது இது:

*மேஸ்திரி போனடிக்க*
*மனசில்ல போவலன்ன*
*வேணாம்னு சொன்ன வாய*
*வேல போவுமின்னு மூடவெச்சேன்*

இதற்குப் பிறகுதான் 'நான்தானே அனுப்பிவெச்சேன்'. இதன் மேல்தான் பைக் ஹாரன் விழுந்திருந்தது.

தோழர் எழுந்தே விட்டார். "மேஸ்திரி போனடிக்க... டேய், பொணம் வூட்ல கெடக்கறப்பவே சொல்லியிருக்காடா! இது போதுமே. முழுசா எங்க?"

மார்ச் 13 அன்று என்ன செய்தேன் என்று சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

ஜூலை 14, திங்கள்

இம்தியாஸ் என் போனைக் கழற்றிப் பார்த்தான். சென்னைக்குக் கொடுத்தனுப்பினான். அதன் மேல் வீடியோ எடுத்து எடுத்து எல்லாம் போய்விட்டது. துண்டை வெட்டிய பிறகு முழுப்பதிவை லேப்டாப்பிலும் அவன் வைக்கவில்லை.

"அன்னிக்கே கேட்டேன்ல, கேட்டியான்னு" என்றான்.

கேட்டிருந்தால் பாட்டே இருந்திருக்காது என்றேன்.

"அதத்தான் சொல்றேன்" என்றான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

முந்நூறு ரூபாய் டூப்ளிகேட் ஹெட்போனில் அந்த மூன்று வரியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். முதல் சொல்லுக்கு முன்னால் ஒரு மூச்சு இருக்கிறது. வேறெதுவும் இல்லை.

அப்பா கேசட் கம்பெனி வாசலில் நின்ற காலத்தில் எங்களை உள்ளே விடாதவன் ஒருவன் இருந்தான். அவனை நான் இன்றும் வெறுக்கிறேன். ஆனால் அவன் இருந்த இடத்தில் இப்போது ஒரு டிக் கட்டம்தான் இருக்கிறது. அண்ணியின் வீட்டு வாசலில் நான் எவன் மாதிரி நடந்துகொண்டேன் என்று எழுத வரவில்லை.

செப்டம்பர் 6, சனி

அண்ணி வீட்டில் தோழரும் நானும். ஐந்து மாதம் கழித்து அந்த வீட்டுக்குள் போகிறேன். தர்ஷிகா பக்கத்து வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தாள்.

நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். திருட்டுத்தனமாக எடுத்தேன், முன்பாதியை வெட்டினேன், அழித்தேன். எல்லாம்.

"சொல்லு. கம்பெனி வக்கீல் இன்னா சொல்வான் தெரியுமா? செத்தவனோட தம்பி, கேஸுக்காக இப்ப முன்னாடி நாலு வரி சேத்துக்கறான், ஆதாரம் எங்கன்னு கேப்பான். எங்க ஆதாரம்? உன் வார்த்த. பின்பாதிக்கு மட்டும் இருவது லட்சம் பேர் கேட்ட ஆதாரம் கீது" என்றார் தோழர்.

"வேற வழி?" என்றேன்.

தோழர் அண்ணியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "எல்லா ஆப்லயும் வரிகள் இளம்பரிதின்னு இருக்குது. அத்தயே புடிச்சிக்கலாம். வரி இவன் எழுதினது. கற்பன. குரல் மட்டும் உன்னுது, இவன் சொல்லிக் குடுத்தத நீ பாடின. அப்ப அது உன் வாக்குமூலம் ஆவாது. அவன் வாதம் அங்கயே படுத்துடும்."

அண்ணிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"நான் அழுததே இல்லன்னு சொல்லணும்."

"ஏம்மா, அப்படி இல்ல..."

"அப்படித்தான் தோழர். அவரு பொணத்தாண்ட ஒக்காந்து நான் சொன்னது, இவன் எழுதிக் குடுத்து நான் படிச்சதுன்னு சொல்லணும்."

தோழர் தரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நான்தான் அனுப்பிச்சேன். அது நெசம். அவரு போவல, ஒடம்பு சரியில்லன்னாரு. வேல போயிடும், போன்னு நான்தான் சொன்னேன். அத்த ஒரு தபாதான் வாய்விட்டுச் சொன்னேன். அவராண்ட. ஊராண்ட இல்ல."

பிறகு கேட்டார். "அந்த மனுவுல திருடன்னு எழுதிக்கிறாங்களே, கேஸு தோத்தா அது அப்படியே நிக்குமா?"

"நிக்கும்மா."

"பொண்ணு பெரிசானா படிப்பா இல்ல?"

தோழர் தலையை ஆட்டினார்.

"அவருக்குத் திருடன்னு பேர் வரக்கூடாது. என் அழுகைக்கு இன்னா பேர் வந்தா இன்னா. எழுதுங்க."

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். "நீ பேசாத" என்றார் அண்ணி. 'தம்பி' என்று சொல்லவில்லை. 'பரிதி' என்றும் சொல்லவில்லை.

பாட்டைக் கேஸ் முடியும்வரை எடுக்கவே கூடாது என்று தோழர் சொல்லிவிட்டார். என் பெயர் இருக்கும் அந்தப் பக்கம்தான் எங்கள் சாட்சி.

அக்டோபர் 16, வியாழன்

வேலூர். காலை ஆறரை பஸ். அண்ணி முன் சீட்டு, நான் பின்னால். வழியெல்லாம் தீபாவளிக் கூட்டம்.

விசாரணை அறை என்றால் பெரிதாக நினைத்திருந்தேன். மூன்று மேஜை, ஒரு டைப்பிஸ்ட், ஜன்னலில் புறா. மேஸ்திரி வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். எங்களைப் பார்த்து வணக்கம் வைத்தான்.

கம்பெனி வக்கீல் ஒரு சிறிய ஸ்பீக்கரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துப் பாட்டைப் போட்டார். அந்த இடம் வந்ததும் சத்தத்தைக் கூட்டினார். டைப்பிஸ்ட் அம்மா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இது யார் குரல்மா?"

"என்னுது."

"வார்த்தைகள்?"

அண்ணி என் பக்கம் திரும்பவில்லை. "எழுதிக் குடுத்தாங்க. பாடினேன்."

என்னைக் கூப்பிட்டார்கள். தோழர் எல்லா ஆப்பிலிருந்தும் எடுத்த தாள்களை அதிகாரியிடம் நீட்டினார். வரிகள்: இளம்பரிதி. வரிகள்: இளம்பரிதி. ஆறு தாள்.

வக்கீல் விடவில்லை. "அண்ணன் செத்து எத்தன நாள்ல எழுதின?"

"ஒரு வாரத்துல."

"புருஷன் செத்து ஒரு வாரத்துல அந்தம்மாவ உக்காரவெச்சு, நீ எழுதின பாட்டப் பாடவெச்சியா?"

"ஆமா."

"வெக்கமா இல்ல? காசுக்காகவா?"

"பேருக்கு" என்றேன்.

அன்று நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

டைப்பிஸ்ட் அடித்து முடித்ததை அதிகாரி அண்ணிக்குப் படித்துக் காட்டினார். 'மேற்படி பாடலில் உள்ள சொற்கள் என்னுடையவை அல்ல. அவை என் கொழுந்தனாரால் எழுதப்பட்டவை. அவற்றுக்கும் என் கணவரின் மரணத்துக்கும் தொடர்பில்லை.'

"சரியாம்மா?"

"இன்னொரு தபா படிங்க சார்."

படித்தார். அண்ணி பேனாவை வாங்கினார். எட்டாவது வரை படித்தவர், நல்ல கையெழுத்து. தா.சத்தியவாணி. அந்தத் 'தா' தாமோதரன்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் போனில் அதே மூன்று வரி. எங்கள் இருவரில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

டிசம்பர் 1, திங்கள்

மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். சூப்பர்வைசர் மறுபடியும் "டேய்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். புதுப் பாட்டு எதுவும் போடவில்லை. பீரோவைத் திறந்து பார்த்தேன், ஒரு வரியும் வரவில்லை. மூடிவிட்டேன்.

ஜனவரி 22, வியாழன்

ஆணை வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் வந்து தான் பார்த்ததில்லை என்றார் தோழர். வாட்ச்மேன் கடைசியில் வாயைத் திறந்திருக்கிறான். பாட்டை அதிகாரி சாட்சியமாக ஏற்கவில்லை. 'கற்பனைப் படைப்பு' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார்.

'பணியின்போது, பணியின் காரணமாக நேர்ந்த மரணம்.'

அண்ணி அந்த வரியை மட்டும் தர்ஷிகாவைப் படிக்கச் சொன்னார். அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். தெருவில் லட்டு கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தது, அம்மா கையில்.

ஜனவரி 23, வெள்ளி

நீக்கு பட்டனை அழுத்தினேன். 'உறுதியாகவா?' என்று ஒரு தடவை கேட்டது.

வேறு யார் யாரோ தங்கள் பெயரில் ஏற்றியிருப்பது இதுவரை தேடியதில் பதினொன்று. அவற்றை நீக்க, அது என் சொத்து என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக.

பிப்ரவரி 15, ஞாயிறு

கடைசி வீட்டுத் தேவராசு மாமா காலையில் செத்துப்போனார். மாரடைப்பு. ஐம்பத்தைந்து வயது, தோல் கம்பெனியில் முப்பது வருடம், நுரையீரல் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. மாரடைப்பு என்றுதான் எழுதுவார்கள்.

பந்தல் போட, ஐஸ் பெட்டி தூக்க நானும் போனேன். பெட்டியை உள்ளே வைத்தோம். பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள், தோளில் கை போட்டார்கள். அண்ணியும் இருந்தார், எனக்கு முதுகைக் காட்டி.

யாரும் ஆரம்பிக்கவில்லை.

மாமாவின் மகள் விசும்பிக்கொண்டே இருந்தாள். யாரோ என்னைப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் புரிந்தது. போனை எடுத்துக் காட்டினேன், வெளியே போய் எங்கள் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தேன். சுவரோரம் நிற்கவில்லை. நடு வாசலில், கை தெரிகிற மாதிரி நின்றேன்.

அப்போதும் ஆரம்பிக்கவில்லை.

அம்மா எழுந்து வந்தாள். திட்டவில்லை. என் தோளைத் தொட்டாள்.

"நீ போ பரிதி. அழ ஆளில்லாம பொணம் காஞ்சிக்கினு கீது."

படியிறங்கினேன். ஒரு வீடு தாண்டினேன், சத்தமில்லை. குழாயடி தாண்டினேன், சத்தமில்லை. ஜன்னல் வழியாக யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. தெருமுனைக்குப் போய், பஸ் ரோட்டில் காலை வைத்த பிறகுதான் ஆரம்பித்தார்கள்.

முதலில் எழுந்தது யார் குரல் என்று எனக்குத் தெரியும். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை.